எங்க போச்சு என்று கேட்ட மதினி

மதினி இருக்கும் இடத்தில் 'ஈரம் போயிருச்சு' என்று வாய்தவறிக்கூடச் சொல்லிவிடக் கூடாது. கொடியில் கிடக்கும் துணியைத் தொட்டுப் பார்த்து நான் தன்னால் முணுமுணுத்தால் போதும், வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் குரல் வந்துவிடும்.

"எங்க போச்சு?"

கேட்பதுதான் கேள்வி மாதிரி இருக்கும். பதில் அவரிடமே தயாராக இருக்கும். "எங்கயும் போகலத்தா. துணிய விட்டு விலகிக் காத்துக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கு. இந்தா, ஒன் மூக்குக்கு முன்னாடியே நிக்கும்." அதற்குப் பிறகு, தண்ணீரின் துகள்கள் ஒன்றையொன்று எப்படி இழுத்துப் பிடித்திருக்கின்றன, வெயில் பட்டதும் அவற்றின் ஓட்டம் எப்படிக் கூடுகிறது, மேலாக இருப்பவை எப்படி அந்தப் பிடியை உதறிக்கொண்டு கிளம்புகின்றன என்பதையெல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் துணி மடிக்க முடியும். மடிக்கிற கையைப் பிடித்து வைத்துக்கொண்டு சொல்வார். விட்டால் நான் ஓடிவிடுவேன் என்று அவருக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரரின் அக்கா அவர். போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். சுருளிப்பட்டியில் இருக்கும் எங்கள் திராட்சைத் தோட்டத்து வீட்டுக்கு அடிக்கடி வந்து தங்குவார். மதுரையில் விடுதியில் தங்கி இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்தவர். முடித்த கையோடு கல்யாணம். அதன்பிறகு அந்தப் பாடத்தில் அவரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதனாலோ என்னவோ, கேட்காத கேள்விக்கெல்லாம் ஆயுசு முழுக்கப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் காலமாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. அவரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது எரிச்சல்தான். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான் வரும்.

நான் கல்யாணமாகி வந்த முதல் மார்கழியில் நடந்தது. கம்பம் பக்கத்துக் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு கட்டியாக உறைந்து கிடந்தது. தலைக்குக் குளித்துவிட்டு, பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைக்கப் போனேன். பக்கத்துத் தெருவில் ஒரு வளைகாப்பு, எல்லோரும் கிளம்பி நின்றார்கள். மதினி பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உறைஞ்சு போச்சுன்னா அசையாம கெடக்குதுன்னு நெனைக்கியா?"

புது மருமகள் நான், என்ன சொல்ல? "ஆமா மதினி" என்றேன்.

"அதான் தப்பு. உள்ள இருக்குற ஒவ்வொரு துகளும் நின்ன எடத்துலயே கெடந்து துடிக்குது. இழுப்பு சாஸ்தி, ஓட்டம் கம்மி. அதனால எடத்தை விட்டு நகர முடியல, அம்புட்டுத்தான். சூடு காமிச்சா துடிப்பு கூடும். கூடக் கூட ஒண்ண ஒண்ணு தாண்டி வழுக்க ஆரம்பிக்கும். அப்பத்தான் ஊத்த முடியும்."

"சரி மதினி, இப்ப ஊத்திக்கிடுறேன்."

"இரு, பாரு, ஓரத்துல எப்படி இளகுதுன்னு." பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஈரத் தலையோடு நானும் நின்றேன். வளையல் போட்டு முடித்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடும்போதுதான் போய்ச் சேர்ந்தோம். என் மாமியார் என்னைத்தான் முறைத்தார்.

மாமனாருக்கும் தப்பிக்க வழியில்லை. ஒருமுறை நெஞ்சுச் சளிக்காகப் போர்வையை மூடிக்கொண்டு ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அய்யா, நீங்க வெள்ளையா பாக்குறீகளே, அது ஆவி இல்ல" என்று தொடங்கினார். ஆவி கண்ணுக்குத் தெரியாது. அதில் துகள்கள் தனித்தனியாகப் பறக்கின்றன. வெளியே வந்து ஆறியதும் ஓட்டம் குறைந்து, ஒன்றையொன்று இழுத்துச் சேர்ந்து மறுபடி பொடித் தண்ணீராகிவிடுகின்றன. அந்தப் பொடித் தண்ணீர்தான் வெள்ளையாகத் தெரிகிறது. போர்வைக்குள்ளிருந்து மாமனார் இருமிக்கொண்டே கத்தினார். "ஏத்தா, எதா இருந்தாலும் சளி எளகுதுல்ல? என்னையக் கொஞ்சம் மூச்சு விட விடுத்தா!"

"நான் எங்கய்யா பிடிச்சேன்? விடுங்க."

இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு போடியில் அவர் கணவர் எப்படி வியாபாரம் செய்தாரோ தெரியாது. ஒருமுறை வெளியூர் வியாபாரி ஒருவர் வந்து ஏலக்காய் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சரக்கு நன்றாகக் காய்ந்தது என்று அண்ணன், மதினியின் கணவர்தான், சொல்லிக்கொண்டிருந்தார். காபியோடு வந்த மதினி, மூட்டைக்குள் போட்டிருந்த பிளாஸ்டிக் பையின் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டார்.

"காஞ்சிருந்தா பைக்கு உள்பக்கம் எப்படித் தண்ணி முத்து முத்தா நிக்குது? காய்க்குள்ள இருந்து வந்ததுதான அது?"

வியாபாரி காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார். அண்ணன் அன்றைக்கே மதினியைக் காரில் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கினார். உட்காரக்கூட இல்லை. "ஒரு வாரம் இங்கன இருக்கட்டும்" என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டுத் திரும்பினார். நான் மதினியிடம் கேட்டேன், வியாபாரி போன பிறகாவது சொல்லியிருக்கலாமே என்று. "போன பிறகு சொல்லி என்னத்தா செய்ய? அந்த மூட்டை ஊர் போய்ச் சேருறதுக்குள்ள பூசணம் பூத்திருக்கும். எங்க வீட்டுக்காரர் பேருதான கெடும்?" என்றார். சொன்னதில் பிழை ஒன்றும் கிடையாது. ஆனால் அவர் சொல்லும் நேரம் எப்போதும் இப்படித்தான் வாய்க்கும்.

இதில் இன்னொரு விசேஷம். துகள் கதையை யாராவது மனுஷர்களோடு சேர்த்துப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் ஒருநாள் நல்ல மழை. கண்ணாடியில் இரண்டு துளிகள் நெருங்கி, தொட்டதும் ஒன்றாகிக் கீழே ஓடின. மதினி அதைக் காட்டி எனக்கு விளக்கிக்கொண்டு வந்தார். முன் சீட்டில் இருந்த பெரியவர் திரும்பி, "மனுஷரும் அப்படித்தாம்மா, பாசம் இருந்தா ஒட்டிக்கிடுவாக" என்றார் பெருமூச்சோடு.

"பாசமும் இல்ல ஒண்ணும் இல்ல. தண்ணிக்கு ஏது பாசம்? மனுஷரை இதுக்குள்ள கொண்டாந்து நுழைக்காதீக" என்றார் மதினி. பெரியவர் அதன்பிறகு உத்தமபாளையம் வரை திரும்பவில்லை. எனக்குத்தான் சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

இதையெல்லாம் ஒரு தட்டில் வைத்துவிடலாம். என் மகள் நிச்சயதார்த்தத்தன்று அவர் செய்ததைத் தனியாகத்தான் சொல்ல வேண்டும்.

மாப்பிள்ளை வீட்டார் வடுகபட்டியில் பூண்டு வியாபாரம் செய்பவர்கள். நிச்சயம் எங்கள் வீட்டிலேயே என்று முடிவாகியிருந்தது. முற்றத்தில் பந்தல் போட்டு, பின்பக்கம் வெட்டவெளியில் சமையல் என்று ஏற்பாடு. விடிந்ததிலிருந்து தூறல். காற்று ஒரு பொட்டு இல்லை, மழை நூல் பிடித்த மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. கம்பத்திலிருந்து வந்த சமையல் மாஸ்டர், அடுப்புகளையும் சிலிண்டர்களையும் திராட்சைப் பெட்டி அடுக்கும் குடோனுக்குள் கொண்டுபோய்விட்டார். அந்தக் குடோன் தரை மட்டத்துக்கு இரண்டு படி கீழே இருக்கும். ஜன்னல்கள் மேலே, ஆள் தலைக்கு மேல்.

காலைப் பலகாரம் வீட்டுக்குள்ளேயே முடிந்தது. மதியச் சமையலுக்காகப் பெரிய சிலிண்டரை மாட்டி, அதன் வால்வைத் திறந்து வைத்துவிட்டு மாஸ்டரும் ஆட்களும் சாப்பிட வந்தார்கள். திரும்பிப் போனபோது, காய் நறுக்க உட்கார்ந்த பெண்கள், "கேஸ் வாடை குடலைப் பிரட்டுதே" என்று எழுந்து நின்றிருந்தார்கள். குழாய் மாட்டிய இடத்தில் வாஷர் சரியாக உட்காரவில்லை. மாஸ்டர் ஓடிப்போய் சிலிண்டரை மூடினார். ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் எல்லோரும் வாசலில் நின்றோம். பிறகு மாஸ்டர் உள்ளே இறங்கி, மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "வாடை போயிருச்சு. வாங்க, பத்த வச்சிருவோம், நேரமாகுது" என்று தீப்பெட்டியை எடுத்தார்.

"எங்க போச்சு?"

பட்டுச்சேலை சரசரக்க மதினி படியில் நின்றிருந்தார். எனக்கு இன்றைக்குமா என்று இருந்தது.

"ஜன்னல் வழியா போயிருச்சும்மா" என்றார் மாஸ்டர்.

"ஜன்னல் எங்கன இருக்கு? ஒன் தலைக்கு மேல இருக்கு. இந்த கேஸு காத்தை விடக் கனம். அது எப்படி ஏறிப் போகும்? தரையோட தரையா கெடக்கும்."

"வாடையே இல்லம்மா."

"இம்புட்டு நேரமா மோந்துக்கிட்டே நிக்கிற. மூக்குப் பழகிப்போயிருக்கும்."

என் வீட்டுக்காரர் வந்தார். "அக்கா, கேஸ்னா பரவி எல்லாப் பக்கமும் போயிரும்னு நீதான எப்பவும் சொல்லுவ? இந்நேரம் போயிருக்கும். இன்னைக்கு ஒருநாள் விடுக்கா."

"பரவும்டா. யார் இல்லேன்னா? துகள் ஒவ்வொண்ணும் பாய்ச்சல்லதான் ஓடுது. ஆனா போற வழியெல்லாம் காத்தோட துகள் மேல முட்டுது. முட்டி, திரும்பி, மறுபடி முட்டி, இங்கன இருந்து அங்கன போய்ச் சேர நேரம் பிடிக்கும். காத்து வீசுனா தள்ளிக்கிட்டுப் போகும். இன்னைக்கு இலை அசையுதா பாரு."

மாஸ்டர் இதில் பாதியைக் கேட்கவில்லை. குனிந்து அடுப்பின் குழாயைத் தொட்டார். மதினி இரண்டு படியையும் ஒரே எட்டில் இறங்கி, அவர் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அப்படி ஒரு வேகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

"எல்லாரும் வெளிய போங்க. சுவிட்சை யாரும் தொடாதீக. எரியிற லைட்டு எரியட்டும், அணைக்கவும் வேணாம், போடவும் வேணாம். ஃபேன் பக்கம் போனா கையை ஒடிச்சுருவேன்."

சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெரியகுளம் தாண்டிவிட்டதாக போன் வந்தது. என் வீட்டுக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு திண்டாடினார். மதினி ஒன்றையும் காதில் வாங்கவில்லை. குடோனின் பின்சுவரில், தரையை ஒட்டி, கழுவிவிட்ட தண்ணீர் வெளியே போக ஒரு பெரிய துவாரம் உண்டு. பின்பக்கம் தோட்டம் சரிவு. அந்தத் துவாரத்தை மறைத்து அடுக்கியிருந்த பிளாஸ்டிக் பெட்டிகளை, மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரே இழுத்துப் போட்டார். பிறகு பந்தலில் விரிக்க வைத்திருந்த புது ஜமுக்காளத்தைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு முனையை அவர் பிடித்தார். மறுமுனையை, வேறு வழியில்லாமல், நான் பிடித்தேன். படியில் நின்றுகொண்டு தரையை வழித்துத் துவாரத்துப் பக்கம் தள்ளுகிற மாதிரி வீசினோம். தோள்பட்டை கழன்று விழும் போல வலித்தது. என் மகளின் நிச்சயதார்த்தத்தில் காலையிலிருந்து நான் செய்த வேலை இதுதான்.

அடுப்புகளையும் வேறு சிலிண்டரையும் மாட்டுக் கொட்டகைக்கு மாற்றச் சொல்லிவிட்டார். நாலு பக்கமும் திறந்த கொட்டகை. மாடுகளை அவிழ்த்து, சாணியை அள்ளி, கழுவி, அடுப்பைப் பற்ற வைக்கவே வெகுநேரம் ஆகிவிட்டது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். காபி கொடுத்தோம். இன்னொரு தரம் காபி கொடுத்தோம். சாப்பாட்டு நேரம் தாண்டியும் இலை போடவில்லை. மாப்பிள்ளையின் பெரியப்பா, கூட்டத்தில் எல்லோரும் பார்த்துப் பேசும் ஆள், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"என்ன சம்பந்தி, பொண்ணு வீட்டுல உலை வைக்க மறந்துட்டீகளா?"

என் வீட்டுக்காரர் கேஸ் கசிந்ததை மென்று விழுங்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். மதினி நடுவில் வந்துவிட்டார். சேலைக் கரையெல்லாம் சேறு. "நான் சொல்றேன்" என்றார். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாகத்தான் இருக்கிறது. அமுக்கி வைத்தால் துகள்கள் நெருங்கி, ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும். திறந்துவிட்டால் அந்தப் பிடி விட்டுப் பறந்துவிடும் என்று ஆரம்பித்தார். பெரியப்பா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்மா. வெடிச்சுச்சா?"

"வெடிக்கல. நான் பத்த வைக்க விடல."

"பத்த வச்சிருந்தா வெடிச்சிருக்குமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் பெரியப்பா உட்கார்ந்துவிடுவார், கடவுள் காப்பாற்றினார் என்று நாலு பேர் கையெடுத்துக் கும்பிடுவார்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும். நான் மதினியின் முதுகில் கிள்ளக்கூடச் செய்தேன்.

மதினி யோசித்தார். "நிச்சயமா சொல்ல முடியாது" என்றார். "காத்தோட எந்த அளவுல கலந்திருக்குங்கிறதப் பொறுத்தது. கேஸு ரொம்பக் கம்மியா இருந்தாலும் பத்திக்கிடாது, ரொம்பக் கூடிப்போனாலும் பத்திக்கிடாது. நடுவுல இருந்தாத்தான் ஆபத்து. எந்த அளவுல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

"அப்ப தெரியாத ஒண்ணுக்காகத்தான் எங்களைப் பசியோட உக்கார வச்சிருக்கீக?" பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "எந்திரிங்கப்பா. வேனை எடுக்கச் சொல்லு."

அவர்கள் பக்கத்து ஆண்கள் சிலர் எழுந்தே விட்டார்கள். உள்ளே அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த என் மகள் கதவோரம் வந்து நின்று என்னைப் பார்த்தாள். அப்போது, அதுவரை வாயே திறக்காமல் இருந்த மாப்பிள்ளையின் அம்மா, உட்கார்ந்த இடத்திலிருந்தபடியே மதினியைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க வீட்டுல கேஸ் வாடை வந்தா நான் உடனே ஃபேனைப் போட்டு விட்டுருவேனே. அது தப்பா?"

"தப்பு" என்றார் மதினி. "சுவிட்சு போடுறப்ப பொறி தெறிக்கும். அதுவே போதும்."

"அய்யோ, போன மாசம்கூட அப்படித்தான் செஞ்சேன்" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டார் அந்த அம்மா. "வாங்க, இங்கன உக்காருங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க."

மதினி உட்கார்ந்தார். அவரிடம் முதலிலிருந்து சொல்லச் சொன்ன ஒரே ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். மாப்பிள்ளையின் அத்தை, சித்தி எல்லோரும் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். பெண்கள் யாரும் எழுந்திருக்காததால் ஆண்கள் வேன் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் கொட்டகையிலிருந்து சாம்பார் மணம் வந்தது. ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கடைசியாகப் பெரியப்பாவும் வந்தார். சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டு மாற்றினோம். நிச்சயம் நடந்துவிட்டது, கல்யாணமும் நடந்தது. பெரியப்பா மட்டும் மதினியோடு கடைசிவரை பேசவில்லை. எங்கள் பக்கத்துச் சொந்தங்களும் இன்றுவரை அதை 'மதினி சோறு போடாத நிச்சயம்' என்றுதான் சொல்கிறார்கள். நடக்காத ஒன்றை யாரிடம் கொண்டுபோய்க் காட்டுவது?

சாயங்காலம், வந்தவர்கள் போன பிறகு, மதினி இன்னும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. தட்டில் சோறு போட்டுக்கொண்டு தேடினேன். குடோன் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டி இன்னும் இடுப்பில் இருந்தது. என் கோபமெல்லாம் அப்போதுதான் வெளியே வந்தது.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன மதினி? என் மக வாழ்க்கை மதினி அது. வேனையே எடுக்கச் சொல்லிட்டாரு."

"தெரியாததைத் தெரியும்னு எப்படித்தா சொல்றது?"

"அப்ப தெரியாமத்தான் தீப்பெட்டியப் பிடுங்குனீகளா?"

"ஆமா" என்றார். கைகளைச் சேர்த்து மடியில் அழுத்தி வைத்திருந்தார். "எனக்குந்தான் தெரியாது. அங்கன கேஸு இருந்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். இருந்து, பத்த வச்சிருந்தா, காய் நறுக்க வந்த பொம்பளைக அத்தனை பேரும் போயிருப்பாக. இல்லேன்னா நான் ஒருத்தி கிறுக்கி. கிறுக்கின்னு பேர் வாங்குறது எனக்கு என்ன புதுசாத்தா? அதான் பிடுங்கிட்டேன்."

தட்டை அவர் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். பசியோடு நாலு வாய் சாப்பிட்டார். பிறகு நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

"சாம்பார்ல உப்பு கூட."

அவ்வளவு பேர் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருத்தர்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து, அவருக்குத் தயிர் எடுத்துவர உள்ளே போனேன்.